மிட்ஸுக்குப் பின்னால் ஒரு முகம்

"என்னடா இது? குத்துறியா, தடவிக் கொடுக்குறியா?"

குத்து வாங்குவதற்காக இரண்டு கைகளிலும் மாட்டியிருந்த மெத்தைகளை, மிட்ஸைப், படபடவென்று தட்டியபடி மாஸ்டர் கத்தினார். எதிரே நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாஸ்டர் அந்தக் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் புதுசு. வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர். எல்லார் பெயரும் இன்னும் மனதில் பதியவில்லை. ஆனால் இவன் மட்டும் முதல் நாளே கண்ணில் பட்டுவிட்டான். கூட்டாளிகள் இவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'இடி'. தொங்கும் மூட்டையைக் குத்தச் சொன்னால் அந்தப் பெயருக்குக் குறை வைக்க மாட்டான். மேலே சங்கிலி அலறும். மிட்ஸைப் பிடித்துக்கொண்டு எதிரே ஓர் ஆள் நின்றால்தான் வம்பு. அந்தச் சின்ன மெத்தைக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தால் போதும், முஷ்டி பாதி வழியிலேயே செத்துப்போகும்.

"போன வருஷப் போட்டியில மனசு உடைஞ்சுபோனான். அதைப் பத்தி மட்டும் அவன்கிட்ட வாயைத் திறக்காதீங்க" என்று கூடத்தின் முதலாளி முன்பே சொல்லி வைத்திருந்தார். தோற்றிருப்பான் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். தோற்காத ஆள் யார்?

"மாஸ்டர், ஞாயித்துக்கிழமைப் போட்டியிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க. எனக்கு இது இனிமே வேணாம்."

"வேணாம்னா எதுக்குடா தினமும் இங்க வந்து நிக்கிற?"

அவன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் முதலாளி கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாவை உள்ளே அழைத்து வந்தார். கயிறு தாண்டிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். அந்த அம்மா தையல் ஆலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தோளிலும் கையிலும் கலர் கலராக நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

இடியின் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா... நீங்க எதுக்கு இங்கெல்லாம் வந்தீங்க?"

பெற்றவளை 'நீங்க' போட்டுக் கூப்பிடுகிற பிள்ளை இந்தக் காலத்திலும் இருக்கிறானே என்று மாஸ்டர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"நான் வராம வேற யாரு வருவா? எலும்பும் தோலுமா ஆயிட்டியே, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா இல்லையா?" என்றபடி அந்த அம்மா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு அவர்கள் நின்றிருந்த குத்துச்சண்டை மேடையில் ஏறினாள். மாஸ்டரிடம் கையை நீட்டினாள். "அதைக் கொடுங்க தம்பி."

"அம்மா, இது விளையாட்டு இல்ல. இவன் ஒரு குத்து ஒழுங்கா விட்டா உங்க மணிக்கட்டு கழண்டுடும்."

"எனக்குப் பிடிக்கத் தெரியும். பிள்ளைக்கு ஆள் கிடைக்காத நாளெல்லாம் அடுப்பை அணைச்சுட்டு நான்தானே பிடிச்சேன்? எங்க வீட்டு அடுப்படியில வந்து பாருங்க, என் முதுகு இடிச்சு இடிச்சு சுவரே காரை பேர்ந்துபோயிருக்கும்."

சொன்னது பொய்யில்லை. முழங்கையை லேசாக மடக்கி, மோவாயைத் தோளுக்குள் அடக்கி, கால்களை முன்பின்னாக ஊன்றி அவள் நின்ற நிலையைப் பார்த்து மாஸ்டரே ஓரடி பின்வாங்கினார்.

"அடி."

"வேணாம்மா."

"அடிடா."

தொட்டும் தொடாமலும் ஒரு குத்து வந்து விழுந்தது.

"இதான் குத்தா? என் முகத்தைப் பாரு. பார்த்துக்கிட்டே அடி."

"என்னால முடியல... உங்க முகத்தைப் பார்த்தா இன்னும் முடியல."

"இந்த ஒரு வருஷமா நானும்தான் உன் முகத்தைப் பார்க்க முடியாம இருந்தேன். இன்னிக்கு வரலையா? அடி!"

படார். கூடம் அதிர்ந்தது. அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. மிட்ஸைச் சற்று முன்னே கொடுத்து அந்த வேகத்தை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும்."

படார். படார். அவன் அடித்துக்கொண்டே அழுதான், அழுதுகொண்டே அடித்தான். வியர்வை எது கண்ணீர் எது என்று தெரியவில்லை. கடைசியில் அவள் தோளில் சாய்ந்துவிட்டான். அவள் மிட்ஸோடேயே அவன் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். முதலாளி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஞாயித்துக்கிழமை போ. பயந்து பயந்து அடிச்சா உனக்குத்தான் அடிபடும். நானும் வந்து முன்வரிசையில உட்காருறேன். என்ன?"

அவன் சின்னக் குழந்தைபோலத் தலையாட்டினான்.

மிட்ஸைக் கழற்றி மாஸ்டரிடம் கொடுத்தபோது அவள் உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன. வாசல்வரை மாஸ்டர் கூடவே வந்தார்.

"இத்தனை நாள் நாங்க தலைகீழா நின்னும் நடக்காததை நீங்க ஒரு நிமிஷத்துல நடத்திட்டீங்கம்மா. பெத்த வயிறுன்னா சும்மாவா? கவலையே படாதீங்க, உங்க மகன் பெரிய ஆளா வருவான்."

செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா தம்பி? இவன் நான் பெத்த பிள்ளை இல்ல. நான் பெத்தது, போன வருஷம் இவன் விட்ட குத்துல மேடையில விழுந்து, எழுந்திருக்காமலே போயிட்டான்."