ஓடாத சிவப்பு வண்டி

இத்தாலியின் ஃபயென்சா ஊரில் ஒரு வீட்டு கேரேஜ். திறந்த கதவு வழியே நுழையும் காலை வெயிலில் துகாத்தி பைக் ரத்தச் சிவப்பாக மின்னுகிறது. ஓம்ப்ரெத்தாவின் கணவன் இவானோ அதைத் துடைத்துத் துடைத்து வைத்தானே தவிர, ஓட்டியதே அபூர்வம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் வண்டியில் மலைப்பாதையெல்லாம் சுற்றியவளை அதில் ஏறவிட்டதே இல்லை. இப்போது அவன் உயிரோடு இல்லை. மிலானிலிருந்து வண்டியை வாங்க வந்திருக்கும் தத்தேயோ, கையோடு கொண்டுவந்த பேட்டரியை மாட்டி இன்ஜினை உறுமவிடுகிறான். சுவரில் தொங்கும் ஸ்பானர்கள் கிடுகிடுக்கின்றன. அவள் டேங்கில் கை வைக்கிறாள். "கைய எடுங்கம்மா, ரேகை படியும்." அவள் எடுக்கவில்லை. "வாங்கி ஓட்டுவீங்களா?" "ஓட்டுறதா? கண்ணாடி ரூம்ல வச்சுப் பூட்டிருவேன். உங்க வீட்டுக்காரர் விவரமானவரு, பொம்பள கை படாம வச்சிருந்திருக்காரு." அவள் முகம் சிவக்கிறது. ஏப்ரனை அவிழ்த்து அவன் தோள்மேல் எறிகிறாள். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்கிறாள். "ஐயோ, இறங்குங்க! ஓட ஓட மதிப்பு போயிரும்!" தத்தேயோ ஹேண்டிலைப் பிடிக்கிறான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறாள். "கடல் வரைக்கும் போயிட்டு வரேன். வந்தப்புறமும் வேணும்னா, அப்பப் பேசுடா."