குறை எதுவும் காணப்படவில்லை

"வண்டி நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார் சர்வீஸ் மேனேஜர். ஏழாவது முறையாக அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

அவள் கார் சாவியை மேசைமேல் வைத்தாள். வைத்தாளா, எறிந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "நல்லா இருக்கிற வண்டி எதுக்குங்க நடுரோட்டுல நிக்குது?"

வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. அவள் பிசியோதெரபிஸ்ட், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய் கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். பஸ் பிடித்து அலைந்தது போதும் என்று, பல வருடங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்ததைப் போட்டு வாங்கிய புதுக் கார் அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தது. காத்திருந்து அலுத்துப்போன மூன்று வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து மேம்பாலத்துல ஏறிட்டிருக்கேன். பின் சீட்டுல என் பொண்ணு. பின்னாடியே ஒரு லாரி. திடீர்னு..."

"முதல்ல ஏசி நின்னுடும். அப்புறம் ஸ்டியரிங் இறுகிடும். அதுக்கப்புறம் இன்ஜின் ஆஃப்" என்று அவரே முடித்தார். "பத்து நிமிஷம் கழிச்சுச் சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளா என்னை அலைய விடறீங்களா?"

மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த முதலாளியின் அறையை ஒருமுறை பார்த்தார். "கம்ப்யூட்டர்ல போட்டா எதுவும் காட்டலையே மேடம்" என்று முனகிவிட்டு, வேலைச் சீட்டில் வழக்கமான வரியை எழுதினார்: 'குறை எதுவும் காணப்படவில்லை.'

"அப்ப வண்டியை மாத்திக் கொடுங்க. இல்ல, பணத்தைத் திருப்பிக் கொடுங்க."

"அதெல்லாம் கம்பெனி முடிவு பண்ணணும். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது."

"உங்க வீட்டு ஆளுங்களை அந்த மேம்பாலத்துல உட்கார வெச்சிருந்தா அதிகாரம் தானா வந்திருக்கும்!"

அவர் குனிந்த தலை நிமிராமல் பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க மேடம்."

மறுநாள் காலை காரை வெளியே எடுத்தபோது, மகள் புத்தகப் பையோடு கேட் அருகிலேயே நின்றுவிட்டாள். "நான் பஸ்லயே போய்க்கறேன்மா. கோச்சுக்காதே."

அந்தக் 'கோச்சுக்காதே'தான் அவளைச் சுட்டது. அன்றே உட்கார்ந்து கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரே வரி. கூடவே, இலவசமாகக் கார் கழுவிக்கொள்ள ஒரு கூப்பன்.

கணவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நடுரோட்டுல நின்னாலும் பளபளன்னு நிக்கட்டும்னு நினைச்சிருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வேலைச் சீட்டுகளையும் நகலெடுத்து, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தாள்.

விசாரணை நாளன்று ஆணையத்தின் வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. "புகார் கொடுத்தவங்க எல்லாம் இந்தப் பெஞ்சு. கம்பெனி ஆளுங்க எதிர்ப் பெஞ்சு" என்று ஊழியர் கை காட்டினார்.

அவளுக்குக் காட்டிய பெஞ்சின் கோடியில், மடியில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார் சர்வீஸ் மேனேஜர்.

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சாட்சி சொல்ல வந்தாச்சா? ஏழு தடவை பொய் எழுதின கையைத் தூக்கிச் சத்தியமும் பண்ணிடுவீங்க, இல்ல?"

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"எனக்கு ஒண்ணும் இடம் விட வேணாம். நீங்க எழுந்திரிங்க. கம்பெனி ஆளுங்களுக்கு எதிர்ப் பெஞ்சுன்னு அவர் சொன்னது காதுல விழல? இது புகார் கொடுத்தவங்க உட்கார்ற இடம்."

அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் மேடம். நானும் அதே வண்டியைத்தான் வாங்கித் தொலைச்சேன்."