இன்னும் ஐந்து நாள் மருந்து

மாமியாரின் வாயைக் கட்டி இன்றோடு நான்கு நாள். கல்யாணமாகி வந்த எட்டு வருடத்தில் அந்த வீட்டில் இப்படியோர் அமைதியை மருமகள் பார்த்ததே இல்லை.

கட்டியவள் அவளல்ல, டாக்டர். மாடிப்படியில் வழுக்கி விழுந்து உடைந்த தாடைக்கு உள்ளே தகடு வைத்து, மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார்.

"காயத்துல சீழ் வெச்சிடக் கூடாதும்மா. இந்த ஆன்டிபயாடிக் சிரப்பை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுங்க. அஞ்சு நாள், ஒரு வேளைகூட விட்டுப்போகக் கூடாது."

குடித்ததும் அரை மணி நேரம் யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வாய் கட்டியிருக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தால் மூச்சு அடைத்துவிடுமாம்.

கணவனுக்கு வெளியூரில் வேலை. தபால் நிலையத்துக்கு லீவு சொல்லிவிட்டு மருமகளே உட்கார்ந்தாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் எதிரில் அரை மணி நேரம் உட்காருவது லேசுப்பட்ட காரியமா? ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று திருத்தம் சொல்கிறவர். எட்டு வருடமாக அவரிடம் "சரிங்க அத்தை"க்கு மேல் அவள் நீட்டி முழக்கியதில்லை.

இப்போது பதற்றத்தை மறைக்க வாய்க்கு வந்ததைப் பேசினாள். 'நீலக் கதவு வீடு' என்று மட்டும் விலாசம் எழுதி வந்த கடிதம். அதை வைத்துக்கொண்டு தபால்காரர் தெருத்தெருவாக அலைந்த கூத்து. அவர் ஐந்தாவது நீலக் கதவைத் தட்டும்போது மணி இரண்டரை. அரை மணி முடிந்துவிட்டது. எழுந்துகொண்டாள்.

மாமியார் சிலேட்டில் எழுதி நீட்டினார். 'அப்புறம்?'

"அப்புறம் ராத்திரி பத்து மணிக்குத்தான் அத்தை," என்று மருந்துப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள் மருமகள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறாம் நாள் காலை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். சீழுமில்லை, வீக்கமும் வடிந்திருந்தது. இனி மருந்து வேண்டாம் என்றார்.

மாமியார் வெடுக்கென்று சிலேட்டை எடுத்தார். 'இன்னும் ஐந்து நாள் மருந்து வேண்டும்.'

மருமகளுக்குச் சுருக்கென்றது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்தும் நம்பிக்கை வரவில்லையே இந்த மனுஷிக்கு.

தேவைக்கு மேல் கொடுத்தால் கிருமிகளுக்கு மருந்து பழகிப்போகும், வயிறும் கெடும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாமியார் 'வேண்டும்' என்பதற்குக் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ரப்பர் வளையங்களைக் கழற்றினார். தாடையை அதிகம் அசைக்காமல் மெதுவாக இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கச் சொன்னார்.

ஐந்து நாள் திருத்தங்களின் பாக்கியும் மொத்தமாக வரப்போகிறது என்று மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.

"மருந்து வேணாம்னா விடுங்க டாக்டர். தினமும் மூணு வேளை, அரை மணி நேரம் இவ என் பக்கத்துல உக்காந்து பேசணும்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."