கையோடு வரும் பதில்

இனி எந்த டீமுக்கும் மேனேஜர் கிடையாது, அவரவர் டீமை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாஃப்ட்வேர் கம்பெனியில் உத்தரவு வந்ததும் டெஸ்டர் ஒருத்தி ஹெச்.ஆர். மேடத்திடம் ஓடினாள்.

"எங்க மேனேஜரை மட்டும் தூக்கிடாதீங்க மேடம். வீட்லேருந்து வேலை பாக்கறவர்தான், ஆனா லீவோ சண்டையோ, மெயில் போட்ட கையோட பதில் வந்துடும்."

"என்னன்னு?"

"'உங்களுக்குள்ளயே உக்காந்து பேசி முடிவெடுங்க'ன்னு. அப்படியே செய்வோம். எட்டு மாசமா ஒரு சிக்கலும் இல்ல. அவர் இல்லேன்னா டீமே குட்டிச்சுவராயிடும்."

மேடம் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் வேலையை விட்டே எட்டு மாசம் ஆச்சும்மா. எந்த மெயில் வந்தாலும் அந்தப் பதில் தானா போற மாதிரி வச்சுட்டுப் போயிருக்கார்."

டெஸ்டர் மெல்லச் சொன்னாள்:

"அப்போ அந்தப் பதிலையாவது நிறுத்திடாதீங்க மேடம்."