நிற்காத வண்டிக்கு ரிப்பேர்

"நிக்காத வண்டியை எதுக்கு சார் திரும்பத் திரும்பக் கொண்டு வந்து என் உயிரை..."

"நின்ன வண்டிப்பா இது! நடுரோட்டுல, கொட்டுற மழையில..."

"இப்போ நிக்குதா?"

"இப்போ நிக்கலை. ஆனா..."

"நிக்கலை இல்ல? அப்புறம் என்ன? ஓடுற வண்டியைப் பிரிச்சுப் போடச் சொல்றீங்களா?"

பக்கத்துக் கொட்டகையில் தகடு தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சண்டையைக் கேட்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.

எலெக்ட்ரீஷியனுக்கு அந்தப் பழைய காரைக் கண்டாலே ஆகாது. போன வருஷம் முழுக்க அவரைப் படுத்தி எடுத்த வண்டி. வழியில் பொட்டென்று நின்றுவிடும். பட்டறைக்கு வந்தால், விருந்தாளி முன்னால் மட்டும் சமர்த்தாக இருக்கும் பிள்ளை மாதிரி, தொட்டதும் கிளம்பும். பேட்டரி மாற்றினார், இக்னிஷன் காயிலை மாற்றினார், சாவி போடும் சுவிட்சையே மாற்றினார். 'எனக்குப் பிடிபடவில்லை' என்று மட்டும் சொல்லவில்லை. அது அவர் வழக்கமில்லை.

கடைசியாக வந்தபோது கார்க்காரர் சலித்துக்கொண்டார். "நான் தனியாப் போனா தங்கமா ஓடுது. இவ ஏறினாத்தான் நிக்குது."

அவர் மனைவி தோளில் பையோடு பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். தப்பித்தால் போதும் என்று எலெக்ட்ரீஷியன் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். "அப்போ கோளாறு வண்டியில இல்லை சார், அம்மா ராசியில இருக்கு. அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது!"

கார்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தகடு தட்டுகிறவரும் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

"நீ ஒரு தடவைதான் சொன்னே" என்றார் கார்க்காரர் இப்போது, குரலை இறக்கி. "நான் அதையே பிடிச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். அதோட அவ இந்த வண்டியில காலை எடுத்து வைக்கலை. மகன் வீட்டுக்குப் போறதுன்னாக்கூட நான் கார்ல, அவ பஸ்ல."

"வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான் சார். கோபம் தணிஞ்சா தானா வந்து ஏறுவாங்க."

"ஏற மாட்டா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். கோளாறு வண்டியிலயா, அவகிட்டயா? இன்னிக்கு அதைச் சொல்லாம உன்னை விடப்போறதில்லை."

"சரி, தள்ளுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்."

"நீ ஓட்டிப் பார்த்தது போதும். நான் ஓட்டறேன். நீ அந்தப் பக்கம் உட்காரு. அவ உட்கார்ற இடத்துல."

முணுமுணுத்துக்கொண்டே எலெக்ட்ரீஷியன் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை வரை வண்டி வெண்ணெயாய் ஓடியது. "பார்த்தீங்களா, நான்தான் சொன்னேனே..." என்று அவர் வாயெடுக்கவும், வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கவும் சரியாக இருந்தது. எஞ்சின் சட்டென்று அடங்கிப்போயிற்று.

"நின்னுடுச்சு சார்! நின்னுடுச்சு!"

பரிசு விழுந்தவர் போலக் கத்தினார் எலெக்ட்ரீஷியன். கீழே இறங்கினார். சாவியைத் திருப்பினால் கிளம்பியது. மறுபடி ஏறி உட்கார்ந்து உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார். நின்றது. கார்க்காரர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை.

பட்டறையில் அந்த சீட்டைக் கழற்றித் தூக்கி வைத்து, கால்மிதியை உரித்தபோது விஷயம் தெரிந்தது.

"பெட்ரோல் பம்புக்குப் போற ஒயர் சார். சீட்டோட இரும்புக்கு நேர் கீழே போகுது. மேல தோல் நல்லாத்தான் இருக்கு, உள்ளே செம்பு ஒடிஞ்சு கிடக்கு. ஆள் உட்கார்ந்து பள்ளத்துல இறங்கினா இரும்பு அழுத்துது, கரண்ட் விட்டுப் போகுது. எழுந்துட்டா ஒட்டிக்குது. நான் உட்கார்ந்தாலும் நிக்கும், நீங்க உட்கார்ந்தாலும் நிக்கும்."

"அப்போ ஏன்ப்பா இத்தனை நாளாத் தெரியலை?"

"நானும் ஓட்டிப் பார்த்தேன், நீங்களும் ஓட்டிப் பார்த்தீங்க. இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலையே."

ஒடிந்த இடத்தை வெட்டி, புது ஒயரை இணைத்து, டேப் சுற்றி, இரும்பு படாமல் ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. சீட்டைத் திரும்ப மாட்டியதும் கார்க்காரர் அதில் போய் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வேண்டுமென்றே எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார். நிற்கவில்லை.

எலெக்ட்ரீஷியனுக்குத் திடீரென்று மனசு இளகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்தார்.

"அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க சார். அன்னிக்கு அத்தனை பேர் எதிர்ல கேலி பண்ணினது நான்தானே? நானே அவங்களை இந்த சீட்ல உட்கார வெச்சு, தப்பு வண்டி மேலதாம்மான்னு சொல்றேன்."

கார்க்காரர் சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"போன மாசம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டவளை, இந்தக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு 'ஏறு ஏறு'ன்னு கெஞ்சினேன்ப்பா. 'நான் ஏறினா வண்டி நடுவழியில நின்னுடும்ங்க, ஆம்புலன்ஸே வரட்டும்'னு வாசப்படியில உட்கார்ந்தவ, அது வர்ற வரைக்கும் இருக்கலை."