கொடியில் இரண்டு சட்டைகள்

காலை வெயிலில் நர்ஸம்மா மாடிக் கொடியில் துணி உலர்த்துகிறாள். தனியாக இருப்பது புதிதாகக் குடிவந்த தெருவுக்குத் தெரிய வேண்டாமென்று, இறந்துபோன கணவரின் மிச்சமிருக்கும் ஒரே சட்டையை ஆறு வருஷமாகத் தினமும் நனைத்துக் காயப்போடுகிறாள். இன்று அதன் பக்கத்தில் இன்னொரு சட்டை சொட்டுகிறது. போர் நடத்தும் பக்கத்து நாட்டில் கட்டாயப் படைச் சேர்ப்புக்குத் தப்பி வந்தவன் கீழே அவள் வீட்டுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். “என்னக்கா, அண்ணன் புதுச் சட்டை எடுத்துட்டாரா?” அடுத்த மாடியில் போலீஸ்காரர் மனைவி சிரிக்கிறாள். ஆறு வருஷம் சட்டையைப் பொய் சொல்ல வைத்தவளுக்கு வாயில் ஒரு பொய் வரவில்லை. “சண்டைக்குப் போக மாட்டேன்னு ஓடி வந்தவன்மா. பசிக்குதுன்னான்.” சிரிப்பு நிற்கிறது. காற்றில் கொடி ஆடுகிறது. போலீஸ்காரர் மனைவி தன் துணியிலிருந்து இரண்டு கிளிப்புகளைக் கழற்றிக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக நீட்டுகிறாள். “காத்து பலமா இருக்குக்கா. பறந்து எங்க மாடியில விழுந்துடப் போகுது.”