வைப்பர் மோட்டாரில் எழுந்த அலை

பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியனாக இருந்த தமயந்தி, வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருந்தாள். அதிலிருந்த பவளம் மூன்று வாரமாகச் சுருங்கியே கிடந்தது. அலையில்லாத தண்ணீரில் அது பிழைக்காது என்றார் வளர்ப்பு மீன் கடைக்காரர் பெலிக்ஸ். "வெளிநாட்டு மெஷின் வாங்குங்க மேடம். இதெல்லாம் வீட்டுல செய்ற வேலையில்ல." தமயந்தி வீட்டுக்குத் திரும்பினாள். பஸ் கண்ணாடியைத் துடைக்கும் பழைய வைப்பர் மோட்டார் ஒன்றைத் தொட்டிக்கு மேலே பொருத்தி, அது ஆட்டும்படி ஓர் இரும்புக் கம்பியில் பிளாஸ்டிக் தட்டைக் கட்டி நீருக்குள் இறக்கினாள். நாலே நாளில் கம்பி துருப்பிடித்தது. தண்ணீரை மாற்றினாள், கம்பி இருந்த இடத்தில் பிவிசி குழாயை வைத்தாள். தட்டு போய்வரப் போய்வர, தண்ணீர் எழுந்து எழுந்து அடங்கியது. ஒன்பதாம் நாள் காலையில் பவளம் விரல் விரலாய் விரிந்து அசைந்துகொண்டிருந்தது. அன்றே பெலிக்ஸை வீட்டுக்கு அழைத்தாள். அவர் பவளத்தையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். "பஸ் வைப்பரா இது?" "ஆமா. கையைக் கழுவிட்டு உள்ள விட்டுப் பாருங்க." சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவர் கையை விட்டார். கை நீரோடு போய் நீரோடு வந்தது. தமயந்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவர் கையை எடுக்கவேயில்லை.